பக்தபூர்

நேபாளத்தின் காத்மாண்டு நகருக்குக் கிழக்கே சுமார் 13 கி.மீ. தொலைவில் உள்ள தொன்மையான நேவார் நகரம். மல்ல மன்னர்களின் தலைநகராக விளங்கியது. இதன் அரண்மனைச் சதுக்கம், 1979இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த காத்மாண்டுப் பள்ளத்தாக்கின் ஏழு பகுதிகளுள் ஒன்று.

காண வேண்டியவை: பூபதீந்திர மல்லர் 1702இல் எழுப்பிய ஐந்தடுக்கு ஞாதபோலா கோயில். இதன் படிகளின் இருபுறமும் கீழிருந்து மேலாக மல்யுத்த வீரர்கள், யானைகள், சிங்கங்கள் எனக் காவல் சிலைகள் இணையிணையாக நிற்கின்றன; ஒவ்வோர் இணையும் கீழுள்ளதைவிடப் பத்து மடங்கு வலிமை கொண்டது என்பது நம்பிக்கை. 55 சன்னல் அரண்மனையும் மரத்தில் செதுக்கிய மயில் சன்னலும் நேவார் தச்சர்களின் ஒப்பற்ற கைவண்ணம். குயவர் சதுக்கத்தில் சட்டிகள் வரிசையாக வெயிலில் உலர்கின்றன. மண்சட்டியில் உறையும் 'ஜுஜு தௌ' தயிர் தவறவிடக் கூடாதது.

பயணம்: 2015 நிலநடுக்கத்தில் பல கட்டடங்கள் இடிந்தன, ஞாதபோலா பெருஞ்சேதமின்றித் தப்பியது. வானம் தெளிந்திருக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்கள் ஏற்றவை. வெளிநாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் உண்டு.