பெருவிரல் பிக்கா, வெறும் விரலா? காயமுற்ற கையோடு கிற்றார் வாசிப்பவர்களுக்கு

ஊர்காவற்றுறை முதல் நெடுந்தீவு வரை தீவகத்தின் கத்தோலிக்க ஆலயப் பாடகர் குழுக்களுக்குக் கிற்றார் புதிதல்ல. தட்டையான பிக் ஒன்றைப் பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் இறுக்கிப் பிடித்து அடிப்பதே பொது வழக்கம். அந்தப் பிடி எல்லாக் கைகளுக்கும் வாய்ப்பதில்லை. ஷெல்லிலும் மிதிவெடியிலும் விரல் இழந்தவர்களும், நரம்பு பாதித்து விரல் மடங்காதவர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குப் பிக் பற்றிய கேள்வி, வாசிப்பதா விடுவதா என்ற கேள்வியும்தான்.

பெருவிரல் பிக், மோதிரம் போல் விரலைக் கவ்வி நிற்கும் பிளாஸ்ரிக் அல்லது உலோக வளையம். அதில் நீண்டிருக்கும் நாக்கு கனத்த தந்திகளைத் தட்டும். அதைப் பிடித்திருக்கத் தேவையில்லை. ஒலி உரத்தும் தெளிவாகவும் வரும். மற்ற விரல்கள் மெல்லிய தந்திகளில் மெட்டை வாசிக்கலாம்.

வெறும் விரலில் ஒலி மென்மையாகும். தந்தி இருக்கும் இடத்தைத் தோலே உணர்த்தும். வெஸ் மொன்கொமரி (1923–1968) வெறும் பெருவிரலால் மீட்டியே ஜாஸ் உலகில் பெயர் பெற்றார். வீணையிலும் இதே தெரிவு உண்டு. விரல்களில் கம்பி நெளி அணிந்து மீட்டுவோர் ஒருபுறம். நெளியின்றி நகத்தால் மீட்டிய வீணை தனம்மாள் (1867–1938) மறுபுறம்.

எத்தனை விரல் வேண்டும்? அமெரிக்காவின் கென்டக்கியைச் சேர்ந்த மேர்ள் றவிஸ் (1917–1983) பெரும்பாலும் பெருவிரல் பிக்கோடு சுட்டுவிரலை மட்டும் கொண்டே வாசித்தார். அந்த முறை இன்றும் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. பாதிப்பு இடக்கையில் என்றால் ஜாங்கோ ரைன்ஹார்ட்டைப் பார்க்கலாம். 1928 இல் தீயில் அவரது இடக்கையின் மோதிர விரலும் சின்னவிரலும் முடங்கின. எஞ்சிய இரு விரல்களை முதன்மையாகக் கொண்டு தன் வாசிப்பை மீண்டும் கட்டியெழுப்பினார்.

ஆகவே, பெருவிரல் நலமாக இருந்து மற்ற விரல்களுக்குப் பிடிப்பலம் இல்லையெனில் பெருவிரல் பிக் ஏற்றது. பெருவிரலில் தழும்பு நோகுமானால் வெறும் விரலும் நைலோன் தந்தியும் இதமானவை. உணர்வு குறைந்த விரலில் வளையம் இறுகினாலும் தெரியாது. சில நிமிடங்களுக்கொரு தடவை கழற்றித் தோலில் அடையாளம் விழுந்துள்ளதா, நிறம் மாறியுள்ளதா என்று பார்க்க வேண்டும். பிளாஸ்ரிக் பிக் இறுக்கமாக இருந்தால் சுடுநீரில் சிறிது நேரம் அமிழ்த்தி, இளகியதும் மெல்ல விரித்து ஆறவிடலாம். நெருப்பில் காட்டக்கூடாது, சிலவகைப் பிக்குகள் தீப்பற்றும்.

தீவகத்தின் உப்புக்காற்றில் உருக்குத் தந்தி விரைவில் துருப்பிடிக்கும். துருவேறிய தந்தி வெறும் விரலை உராய்ந்து புண்ணாக்கும். வாசித்து முடிந்ததும் உலர்ந்த துணியால் தந்திகளைத் துடைத்து வைப்பது நல்லது.