மங்கலான மீனுக்கு ஒரு முகவரி

அசுவினி, பரணி, கார்த்திகை என்று இருபத்தேழு நட்சத்திரத்தையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிடுவோம். ஆனால் நடுவே மங்கலாகத் தெரியும் ஒரு மீனைக் காட்டி, "தாத்தா, இது எது?" என்று பேரன் கேட்டால் முழிக்க வேண்டியதுதான். வானநூலார் இதற்கு வழி கண்ட வரலாற்றில் நம்ம சென்னைக்கும் பங்கு உண்டு.

1603-ல் ஜெர்மனியில் பேயர் என்பவர், ஒவ்வொரு மண்டலத்து மீன்களுக்கும் ஆல்பா, பீட்டா என்று கிரேக்க எழுத்துக்களைச் சூட்டினார். எழுத்தோ இருபத்துநாலு, மீன்களோ எண்ணி மாளாது. ஆக, மங்கலானவற்றை அளவைக் கொண்டுதான் அடையாளம் காண முடியும். அளவு இரண்டு: இடம், ஒளி.

இடத்தை அளக்க, தென்வடலாக மட்டும் அசையும் தொலைநோக்கி. அதன் கண்வில்லை அருகே மெல்லிய இழைகள். சிலந்தி நூலைக்கூடக் கட்டுவார்கள். மீன் இழையைக் கடக்கும் நொடி ஓர் அளவு. குழாய் சாய்ந்திருக்கும் கோணம் மற்றோர் அளவு. தெருவும் கதவு இலக்கமும் கிடைத்த மாதிரி.

ஒளியை ஆதியில் முதல் நிலை தொடங்கி ஆறாம் நிலை வரை கண்மதிப்பாகவே சொன்னார்கள். 1856-ல் இங்கிலாந்தில் நார்மன் போக்சன் இதற்கு ஒரு திட்டம் வகுத்தார். ஐந்து நிலை வித்தியாசம் என்றால் ஒளியில் நூறு மடங்கு. ஒரு நிலைக்கு 2.512 மடங்கு. ஒளி தெரிந்த மீன்களை எடைக்கல்லாக வைத்து, "இதைவிட மங்கல், அதைவிடப் பிரகாசம்" என்று பக்கத்து மீனை நிறுக்க வேண்டும். இந்தப் போக்சன்தான் 1861-ல் நுங்கம்பாக்கம் வானாய்வகத்தின் தலைவராக வந்தார்.

அங்கே அவருக்கு உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-ல் ரெட்டிகுலம் என்னும் தென்வான மண்டலத்தில் ஒளி மாறுகிற ஒரு மீனை அவர் கண்டுபிடித்தார். முன்பு சொன்ன கண்வில்லை இழைச் சட்டத்தின் பெயரையே பிரெஞ்சு வானநூலார் லக்காய் இந்த மண்டலத்துக்கு வைத்திருந்தார். சென்னையில் அது உச்சத்தில் இருக்கும்போதும் தெற்கு அடிவானத்திலிருந்து 14 பாகை உயரம்தான். நாம் இருக்கும் தில்லியிலோ அந்த மீன் தலைகாட்டவே காட்டாது.

ஏழாம் நிலை அளவில் ஒளிரும் அந்த மீன் பதினாலாம் நிலைக்கு இறங்கும். அறுநூறு மடங்குக்குக் குறையாத மங்கல். மறுபடி ஏறிவர ஒன்பது மாதத்துக்கு மேல் ஆகும். பேரேட்டில் பழைய வரவும் இன்றைய இருப்பும் இடித்தால், முன்னே எழுதியவன் தப்பு என்று அடித்துவிடத்தான் நமக்குத் தோணும். வானத்தில் அப்படிச் செய்தால் நட்டம் நமக்கே. அளந்தவன் தவறவில்லை, மீன்தான் மாறியது என்று சொல்வதற்குத் தன் கண்மேலும் கணக்கின்மேலும் நம்பிக்கை வேண்டும். அது ரகுநாதாச்சாரிக்கு இருந்தது. 1872-ல் லண்டன் ராயல் வானவியல் கழகம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1880-ல் அவர் காலமானார்.

ஒரு மண்டலத்தில் முதலில் அறியப்படும் மாறுமீனுக்கு 'ஆர்' என்ற எழுத்தைத் தருவது வழக்கம். அப்படியே இதுவும் 'ஆர் ரெட்டிகுலி' ஆயிற்று. மீனுக்கு முகவரி கிடைத்துவிட்டது. கண்டுபிடித்தவர் பெயரைச் சொல்வதுதான் நம் பாக்கி. பேரன் கேட்டால், அதையாவது சொல்லிவைப்போமே!