காணாமல் போன மூன்று புள்ளிகள்

வேதியியல் படித்தவர்களுக்கு பெர்மாங்கனேட்டின் ஊதா நிறம் மறந்திருக்காது. சூடாக்கிய ஆக்ஸாலிக் அமிலத்தில் பியூரெட்டிலிருந்து முதல் சொட்டு விழும். நிறம் போகாமல் அடம்பிடிக்கும். நாலைந்து சொட்டு போனபின், விழுந்த கணமே மறையும்.

எழுபதுகளில் திண்டுக்கல்லில் நான் பி.எஸ்ஸி. படித்தபோது, இந்த வினையின் வேக மாறிலியைக் கண்டுபிடிக்கச் சொன்னார் எங்கள் பேராசிரியர். கிராஃப் போட்டேன். முதல் மூன்று புள்ளிகள் கோட்டுக்கு வெளியே நின்றன. அவற்றை விட்டுவிட்டு மற்றதை வைத்து அழகான நேர்கோடு வரைந்து கொடுத்தேன். நோட்டையும் கிராஃபையும் அருகருகே வைத்துப் பார்த்தவர், "மூணு புள்ளி எங்கப்பா போச்சு?" என்றார். திட்டவில்லை. ஒரு கதை சொன்னார்.

1860களில் ஆக்ஸ்போர்டில் ஹார்கோர்ட் என்ற வேதியியலாளரும் எஸ்ஸன் என்ற கணித ஆசிரியரும் கையில் எடுத்ததும் இதே வினைதான். குறித்த நேரத்தில் அயோடைடைக் கொட்டி வினையை நிறுத்துவார்கள். வெளிவரும் அயோடினை அளந்தால் எவ்வளவு பெர்மாங்கனேட் மிச்சம் என்று தெரியும். ஒவ்வொரு நேரத்துக்கும் ஒரு தனிக் குடுவை.

தொடக்கத்தில் மெதுவாகப் போவது கைப்பிழை அல்ல என்று கண்டார்கள். வினையில் பிறக்கும் மாங்கனீசு உப்பே அடுத்த வினையை விரட்டுகிறது. நான் தூக்கி எறிந்த மூன்று புள்ளிகள்தான் விஷயத்தையே சொல்லியிருக்கின்றன!

எஸ்ஸன் இதை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் இரண்டு படிகள் என்று எடுத்துக்கொண்டு கணக்கைத் தீர்த்தார். ஆனால் இந்தக் கணக்கில் ஒரு பொறி இருக்கிறது. பழனி விஞ்சில் போகிற ஒரு கூட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கீழே டிக்கெட் வாங்க வேண்டும், பிறகு வண்டிக்குக் காத்திருக்க வேண்டும். மலை உச்சியில் நின்று வந்து சேருபவர்களை மட்டும் எண்ணினால் தாமதம் டிக்கெட்டிலா, வண்டியிலா என்று சொல்ல முடியாது. இரண்டு படிகளின் வேகத்தையும் இடம் மாற்றிப் போட்டாலும் கடைசிப் பொருளின் வரைகோடு மாறாது. டிக்கெட்டுக்கும் வண்டிக்கும் நடுவில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று பார்த்தால்தான் உண்மை தெரியும். கோடு பொருந்திவிட்டது என்பதாலேயே மாறிலி சரியாகிவிடாது.

அந்த இருவரும் இந்தச் சிக்கலான வினையோடு நின்றுவிடவில்லை. ஹைட்ரஜன் பெராக்சைடு, அயோடைடு என்ற எளிய வினைக்குப் போனார்கள். தயோசல்பேட்டைச் சிறு சிறு அளவாகச் சேர்த்து, ஸ்டார்ச் நீலமாகும் நொடியை ஒவ்வொரு முறையும் குறித்தார்கள். வெப்பநிலையை மாற்றி மாற்றி அளந்ததில், வினையே நின்றுபோகும் புள்ளி -272.6 டிகிரி என்று அவர்கள் கணக்கில் வந்தது. தனிப்பூஜ்யம் -273.15! அவர்கள் போட்ட வெப்பநிலைச் சூத்திரத்தை இன்று யாரும் பயன்படுத்துவதில்லை. அர்ரீனியஸ் சூத்திரம்தான் நிலைத்தது. அவர்களுடைய அளவுகளின் மதிப்பு மட்டும் குறையவில்லை.

இதெல்லாம் ஆக்ஸ்போர்டு சமாசாரம், நமக்கென்ன என்று அன்று நினைத்தேன். நம் ஊர் தோல் ஷாப்புகளை அப்போது நினைக்கவில்லை. ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையில் பதனிட்டார்கள், பிறகு குரோமியம் வந்தது. மூவிணைதிறன் குரோமியம் மகா சோம்பேறி. தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறு ஒன்றை விட்டு இன்னொன்றைப் பிடிக்க நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளும். 1950களின் தொடக்கத்தில் ஹண்ட்டும் டௌபேயும் கனமான ஆக்சிஜனை வைத்து இதை அளந்தார்கள்.

ஆனால் மண்ணில் மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அதே குரோமியம் நச்சுத்தன்மை மிகுந்த ஆறிணைதிறன் வடிவமாக மாறக்கூடும் என்று 1979இல் பார்ட்லெட், ஜேம்ஸ் இருவரும் காட்டினார்கள். இங்கேயும் மாங்கனீசு, இங்கேயும் பல படிகள். மூன்று எலக்ட்ரான்கள் போக வேண்டும். எந்தப் படி எவ்வளவு வேகம் என்று தெரியாமல், ஒரு கிணறு எத்தனை வருஷத்தில் கெடும் என்று எப்படிச் சொல்வது?

1996இல் உச்ச நீதிமன்றம் தோல் தொழிற்சாலைகள் பற்றிய தீர்ப்பில் ஐந்து மாவட்டங்களைக் குறிப்பிட்டது. அதில் திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. அதைப் பேப்பரில் படித்த அன்று அந்த மூன்று புள்ளிகள் ஞாபகத்துக்கு வந்தன. என் கிராஃபில் நான் செய்ததற்குப் போனது இரண்டு மார்க். கிணற்றுத் தண்ணீரை அளக்கிறவர் அதையே செய்தால் விலை கொடுப்பவர் குடத்தோடு நிற்கிறவர்.

பின்னாளில் நானும் வாத்தியாராகி, மாணவர்களின் கிராஃபை வாங்கும்போதெல்லாம் முதலில் கேட்டது ஒன்றுதான்: "எதையாவது விட்டுட்டியாப்பா?"