ஜீவனி: பெயர் 'போன' கதை

தம்பானூர் பஸ் ஸ்டாண்டிலிருந்து சுமார் நாற்பது கிலோமீட்டர் போனால் பாலோடு. அங்குள்ள தாவரவியல் பூங்கா ஆராய்ச்சியாளர்கள் 1987-ல் அகத்தியமலைக் காட்டுக்குள் போனபோது, வழிகாட்ட வந்த காணிகள் ஏதோ பழத்தைத் தின்றுகொண்டு களைப்பே இல்லாமல் நடந்தார்கள். துருவித் துருவிக் கேட்டதில் தெரிந்தது, செடியின் பெயர் ஆரோக்கியப்பச்சை. அதிலிருந்து வந்த மருந்துதான் ஜீவனி.

1995-ல் தயாரிப்பு உரிமை கோயம்புத்தூர் ஆர்ய வைத்திய பார்மசிக்குப் போனது. கட்டணம் 10 லட்சம், விற்பனையில் 2 சதவீதம் ராயல்டி. இரண்டிலும் சரிபாதி காணிகளுக்கு. ஆனால் யார் பேருக்குக் கொடுப்பது? 1997-ல் டிரஸ்ட் பதிவாகி, 1999-ல்தான் பணம் கைக்கு வந்தது. (பேங்க்காரனுக்கு இதில் ஆச்சரியமே இல்லை. கணக்கில்லாமல் செக் எப்படிப் போடுவது?)

உலகமே மெச்சிய ஏற்பாடு. ஒரே ஓட்டை, இந்தியாவில் செய்முறைக்குப் பேடன்ட் கேட்டவர்கள் அமெரிக்காவில் பெயரைப் பதியவில்லை. அங்கே ஒரு கம்பெனி 'ஜீவனி'யைத் தன் டிரேட்மார்க்காகப் பதிந்துகொண்டது! டிரேட்மார்க் நாட்டுக்கு நாடு தனி. சென்னையில் பதிந்தது நியூயார்க்கில் செல்லாது.

சாஃப்ட்வேர் கம்பெனி தொடங்கும் நம் பிள்ளைகள் லோகோவுக்குச் செலவழிக்கிறார்கள், பதிவுக்கு யோசிக்கிறார்கள். இப்போது மாட்ரிட் ஏற்பாட்டில் ஒரே விண்ணப்பத்தில் பல நாடுகளில் பதிவு கேட்கலாம். இந்தியா அதில் சேர்ந்தது 2013-ல்.