தருமபுரி நடுகற்கள்

தருமபுரி நடுகற்கள் என்பவை தமிழ்நாட்டின் தருமபுரி மாவட்டத்தில் காணப்படும், போரிலோ பூசலிலோ இறந்த வீரர்களின் நினைவாக நடப்பட்ட கற்கள் ஆகும். இவை வீரக்கல் எனவும் அழைக்கப்படுகின்றன. தமிழகத்தில் நடுகற்கள் மிகுதியாகக் கிடைக்கும் பகுதிகளுள் தருமபுரியும், அதனை அடுத்துள்ள கிருட்டிணகிரி, திருவண்ணாமலை மாவட்டங்களும் குறிப்பிடத்தக்கவை. 2004 ஆம் ஆண்டு வரை கிருட்டிணகிரி, தருமபுரி மாவட்டத்தின் ஒரு பகுதியாகவே இருந்தது.

இலக்கியச் சான்றுகள்

நடுகல் எடுக்கும் முறையைத் தொல்காப்பியம் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்தல் என ஆறு நிலைகளாகக் கூறுகிறது. தருமபுரியின் பழம்பெயர் தகடூர். இதனை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சி இறந்தபின், அவனது நடுகல்லுக்கு மயிற்பீலி சூட்டிக் கள் படைப்பதைக் கண்டு ஔவையார் வருந்திப் பாடிய பாடல் புறநானூற்றில் 232 ஆவது பாடலாக உள்ளது.

அமைப்பு

பலகைக் கல்லில் வீரனின் உருவம் புடைப்புச் சிற்பமாகச் செதுக்கப்பட்டிருக்கும். ஒரு கையில் வில்லும் மறுகையில் வாளும் ஏந்திய தோற்றம் பரவலாகக் காணப்படுகிறது. சிலவற்றில் உடலில் அம்பு தைத்திருப்பதும், காலருகே கெண்டி, சிமிழ் ஆகியனவும் காட்டப்பட்டுள்ளன. பிற்காலக் கற்களில் தேவமகளிர் வீரனை வானுலகிற்கு அழைத்துச் செல்லும் காட்சியும் இடம்பெறும். புலியுடன் போரிட்டு இறந்தவனுக்கு எடுக்கப்படுவது புலிகுத்திக்கல் எனப்படும். கணவனுடன் உடன்கட்டை ஏறிய பெண்ணுக்கு எடுக்கப்படுவது சதிக்கல் ஆகும்.

கல்வெட்டுகள்

பல்லவர் காலத்தைச் சேர்ந்த கற்கள் பெரும்பாலும் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. கன்னட மொழிக் கல்வெட்டுகளும் இப்பகுதியில் உள்ளன. அரசனின் ஆட்சியாண்டு, அப்பகுதித் தலைவனின் பெயர், நிகழ்ந்த பூசல், இறந்தவன் பெயர் ஆகியவை வரிசையாகக் கூறப்பட்டு, இன்னான் "கல்" என முடிவது வழக்கம். பூசல்களுள் பல, தொறு எனப்படும் ஆநிரையைக் கவர்வது அல்லது மீட்பது தொடர்பானவை.

கோயிற் கல்வெட்டுகள் பெரும்பாலும் அரசரையும் கொடையாளரையும் பற்றியவை. நடுகற்களோ வேறெங்கும் பதிவு பெறாத எளிய வீரர்களின் பெயர்களைத் தருகின்றன. அண்டைப் பகுதியான செங்கம் வட்டாரத்தின் எடுத்தனூரில், மகேந்திரவர்மனின் 34 ஆவது ஆட்சியாண்டைச் சேர்ந்த கல் ஒன்று, எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவக்கத்தி என்பவனுக்கு எடுக்கப்பட்டது. கள்ளர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற கோவிவன் என்னும் அவனது நாயின் பெயரும் உருவமும் அதில் உள்ளன.

குடும்பத்தினருக்கு அளித்த கொடை

இறந்த வீரனின் குடும்பத்தினருக்கு நிலம் வழங்கும் வழக்கமும் இருந்தது. இந்நிலம் தமிழில் உதிரப்பட்டி எனவும், கன்னடத்தில் நெத்தரு கொடகெ எனவும் குறிப்பிடப்பட்டது. இரண்டும் குருதிக்கு ஈடான கொடை என்னும் பொருளுடையவை.

ஒப்பீடு

இங்கிலாந்தின் ஊர்த் தேவாலயங்களில், நிலவுடைமைக் குடும்பங்கள் தம் முன்னோருக்குச் சுவர்ப் பலகைகளும் கல்லறைச் சிற்பங்களும் அமைத்தன. அங்கு நினைவுச் சின்னம் பெறுவதற்குக் குலமும் செல்வமும் பெரிதும் துணைநின்றன. நடுகல் பெறுவதற்கோ இறந்த விதமே முதன்மையாகக் கருதப்பட்டது. நடுகற்கள் பெரும்பாலும் ஊர்ப்புறத்திலும் வயல்வெளியிலும் திறந்த வெளியில் நிற்கின்றன.

வழிபாடும் பாதுகாப்பும்

பல ஊர்களில் நடுகற்கள் வேடியப்பன் என்னும் பெயரில் தெய்வமாக வணங்கப்படுகின்றன. கல்வெட்டில் உள்ள வீரனின் பெயர் மறைந்து, பொதுவான தெய்வப்பெயரே நிலைத்துவிட்டது. எனினும் இவ்வழிபாடே பல கற்கள் அழியாமல் நிற்பதற்குக் காரணமாகும். வழிபாடற்ற கற்கள் நிலத்தைச் சமன்செய்யும்போதும், கட்டுமானப் பணிகளின்போதும் சிதைய நேரிடுகிறது. எழுத்துப் படியெடுக்கப்படாத கல் ஒன்று உடைந்தால், அதிலுள்ள பெயரை மீட்க வழியில்லை.

இரா. நாகசாமி இயக்குநராக இருந்த காலத்தில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை இவ்வட்டாரங்களில் விரிவான கள ஆய்வு மேற்கொண்டது. செங்கம் நடுகற்கள் என்னும் நூல் 1972 இல் வெளிவந்தது. தருமபுரியிலுள்ள அரசு அகழ்வைப்பகத்தில் நடுகற்கள் பல காட்சிக்கு வைக்கப்பட்டுள்ளன.