தண்ணீரும் கால் நடையும்: ஒரு சிறு வரலாறு



பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கால் விழுந்தவர்கள் நம் காந்தி மார்க்கெட் பகுதியிலும் இருக்கிறார்கள். "தண்ணீரில் நடக்கவிட்டால் கால் வந்துவிடுமாமே?" என்று வீட்டார் கேட்பதுண்டு. இதற்கு வரலாற்றில் பதில் இருக்கிறது.

நம் மார்க்கெட்டுக்குப் பெயர் தந்த காந்தியடிகள் நீர் சிகிச்சையில் நம்பிக்கை உடையவர். ஜெர்மானியர் லூயிஸ் கூனே சொன்ன இடுப்புக் குளியலை அவரே கடைப்பிடித்தார். 1942-ல் ஆகாகான் மாளிகைச் சிறையில் எழுதிய உடல்நல நூலிலும் அதை விளக்கினார். ஆனால் அந்த முறையில் நோயாளி தொட்டியில் உட்கார்ந்திருப்பார். கால்கள் வெளியே இருக்கும். அது குளியல், பயிற்சி அல்ல.

காலுக்குத் தண்ணீரில் பயிற்சி என்பதை உலகறியச் செய்தவர் அமெரிக்காவின் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1921-ல், 39 வயதில், இளம்பிள்ளை வாதத்தால் அவருக்கு இரு கால்களும் செயலிழந்தன. 1924-ல் ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ் ஊற்றுக்குப் போனார். சுமார் 31 டிகிரி வெதுவெதுப்பான அந்த நீரில் அவரால் நிற்க முடிந்தது. 1926-ல் அந்த இடத்தையே வாங்கி, மற்ற நோயாளிகளுக்கும் சிகிச்சை கிடைக்கச் செய்தார். ஆனாலும் தரையில் துணையின்றி நடக்க அவரால் கடைசி வரை முடியவில்லை.

1949-ல் லண்டன் ஹாலிவிக் பள்ளியில், ஊனமுற்ற சிறுமிகளுக்கு நீச்சல் கற்பிக்க ஜேம்ஸ் மெக்மில்லன் என்ற பொறியாளர் ஒரு முறை வகுத்தார். முதலில் மூச்சு, பிறகு சமநிலை, அதன் பிறகே நீச்சல். இன்று பக்கவாத நோயாளிகளுக்கும் இம்முறை பயன்படுகிறது.

காரணம் எளிய கணக்குதான். 60 கிலோ எடையுள்ளவர் இடுப்பளவு நீரில் நின்றால் கால் தாங்குவது ஏறக்குறைய 30 கிலோ; மார்பளவு என்றால் 20 கிலோ. தடுமாறினாலும் தண்ணீர் மெதுவாகவே சாய்க்கும். சுதாரித்துக்கொள்ள நேரம் கிடைக்கும். பக்கவாதத்தில் அடிபடுவது மூளை. திரும்பத் திரும்பப் பழகினால்தான் அது நடையை மறுபடி கற்கும். தண்ணீர் அந்தப் பழக்கத்துக்குத் துணை, மருந்தல்ல.

எனவே யாரையும் அம்மா மண்டபம் படித்துறைக்கு அழைத்துப் போய்க் காவிரியில் இறக்கிவிடாதீர்கள். வழுக்கும் படியும் இழுக்கும் நீரும் ஆபத்து. டாக்டர் அனுமதித்தபின், வெதுவெதுப்பான குளத்தில், பிசியோதெரபிஸ்ட் கூடவே இறங்கிச் செய்யவேண்டிய பயிற்சி இது. ஆறாத புண், வலிப்பு, கட்டுக்கடங்காத ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆகாது. குளம் இல்லையே என்று சோர வேண்டாம். தரையில் தினமும் செய்யும் பயிற்சியும் பலன் தரும். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறை சிகிச்சை தருகிறார்கள். கேட்டுப் பெறுங்கள்.

இன்னொன்று. 1945 ஏப்ரல் 12 அன்று, அதே வார்ம் ஸ்பிரிங்ஸில் ரூஸ்வெல்ட் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். அன்று அவருடைய ரத்த அழுத்தம் 300/190. அதைக் குறைக்க நல்ல மருந்து அக்காலத்தில் இல்லை. இன்று மாத்திரை இருக்கிறது. தவறாமல் சாப்பிடுங்கள்.