ரெனினோமா: சிறுநீரகக் கட்டியின் வரலாறு

ரெனினோமா என்பது சிறுநீரகத்தில் மிக அரிதாகத் தோன்றும் ஒரு கட்டி. ரெனின் என்னும் பொருளை அளவுக்கு மீறிச் சுரந்து, இரத்த அழுத்தத்தை அபாயகரமாக உயர்த்திவிடும். சிறுவர், பதின்வயதினர், இருபதுகளில் இருப்போர் ஆகியோரிடமே அதிகம் காணப்படுகிறது. பெரும்பாலும் இது புற்றுநோய் அன்று. மருத்துவ நூல்களில் இதற்கு இடம் பிடிக்க எழுபது ஆண்டுகள் ஆயின.

சிறுநீரக நோய்க்கும் இதயம் பருப்பதற்கும் தொடர்பு உண்டு என்பதை இலண்டன் மருத்துவர் ரிச்சர்டு பிரைட் 1836இலேயே எழுதிவிட்டார். காரணம் தெரியவில்லை. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் பணியாற்றிய இராபர்ட் டைகர்ஸ்டெட் என்ற பின்லாந்துக்காரர், தம் மாணவர் பெர் பெர்க்மனுடன் முயல்களை வைத்து ஒரு சோதனை செய்தார். முயலின் சிறுநீரகத்தை அரைத்து எடுத்த சாற்றை வேறொரு முயலின் சிரையில் செலுத்தியதும் இரத்த அழுத்தம் ஏறியது. சிறுநீரகத்தின் புறணிப் பகுதிச் சாற்றுக்கு மட்டுமே இந்த ஆற்றல் இருந்தது. கொதிக்க வைத்தால் அதுவும் போயிற்று. அப்பொருளுக்கு ரெனின் என்று பெயரிட்டு 1898இல் கட்டுரை வெளியிட்டார்கள். அதன்பின் டைகர்ஸ்டெட் ஹெல்சின்கி சென்றுவிட்டார். கட்டுரையும் ஏறத்தாழ மறக்கப்பட்டது. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது பிறக்கவில்லை என்பதை நினைத்தால், அதில் வியப்பில்லை.

1934இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத் தமனியை வெள்ளிக் கவ்வியால் இறுக்கி, நிலையான உயர் அழுத்தத்தை உண்டாக்கிக் காட்டினார். அதுவே ரெனினை மீண்டும் நினைவூட்டியது. அதே பத்தாண்டில் பெல்ஜியத்தின் கோர்மாக்டிக், கிளாமருலசுக்குள் நுழையும் நுண்தமனியின் சுவரில் உள்ள துகள் நிறைந்த செல்கள் சுரப்பிகளாக இருக்கலாம் என்றார். பிளஸ் ஒன் மாணவர்கள் ஜக்ஸ்டா கிளாமருலார் அமைப்பு என்று படிப்பதன் ஒரு பகுதி இந்தச் செல்கள்தாம். ரெனின் நேரடியாக அழுத்தத்தை உயர்த்துவதில்லை. இரத்தத்தில் உள்ள ஒரு புரதத்தை வெட்டி ஆஞ்சியோடென்சின் உருவாக வழி செய்கிறது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது; அல்டோஸ்டிரோனையும் தூண்டி உப்பைத் தேக்குகிறது, பொட்டாசியத்தை வெளியேற்றுகிறது.

இந்தச் செல்களிலிருந்தே ஒரு கட்டி வளர்ந்தால்? 1967இல் இங்கிலாந்தில் இராபர்ட்சனும் உடன்பணியாளர்களும் அப்படி ஒரு நோயாளியைப் பற்றி எழுதினார்கள். அகற்றப்பட்ட கட்டியில் ரெனின் மிகுந்திருந்தது. மறு ஆண்டே ஜப்பானில் கிஹாரா குழுவினர் இன்னொன்றை விவரித்து, ஜக்ஸ்டா கிளாமருலார் செல் கட்டி என்று பெயர் சூட்டினார்கள். முயல்களில் சாற்றைச் செலுத்திக் கண்டதை, மனித உடலில் இயற்கையே செய்து காட்டியது போலாயிற்று.

கட்டி சிறியதாக இருப்பதால் எளிதில் சிக்குவதில்லை. பல மாத்திரைகளுக்கும் அடங்காத அழுத்தமும் குறைந்த பொட்டாசியமும் ஐயத்தை எழுப்பும். அட்ரினல் சுரப்பியின் கான் நோயிலும் பொட்டாசியம் குறையும். ஆனால் அங்கே ரெனின் தாழ்ந்திருக்கும், இங்கே உயர்ந்திருக்கும். பிறகு சி.டி. ஸ்கேன் செய்து கட்டியின் இடத்தைக் காண்பார்கள். குழந்தைகளுக்கு வரும் வில்ம்ஸ் கட்டியும் சில வேளைகளில் ரெனினைச் சுரக்கும் என்பதால், அதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தலைவலி என்று மாணவர் சொன்னால் கண் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு அமைதியடைந்த ஆசிரியர்களில் நானும் ஒருவன். பிள்ளைகளுக்கும் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. மூன்று வயது முதல் ஆண்டுதோறும் அளக்க வேண்டும் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அமைப்பு 2017இல் பரிந்துரைத்திருக்கிறது. ரெனினோமாவை உரிய காலத்தில் கண்டுபிடித்துவிட்டால், கட்டியை மட்டும் அகற்றி எஞ்சிய சிறுநீரகத்தைக் காப்பாற்றலாம். பெரும்பாலோருக்கு அழுத்தம் இயல்புக்குத் திரும்பிவிடுகிறது, மாத்திரையும் தேவைப்படுவதில்லை.